500 யூனிட்டும் 12 சதவீத ஈரமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான சிக்கனக் கணக்கு

கரண்ட் பில்லைக் குறைக்க ஊரில் சொல்லும் யோசனைகளில் பாதி, செல்போன் சார்ஜரைக் கழற்றி வைக்கச் சொல்வது மாதிரியானவை. சார்ஜர் சும்மா தொங்கினால் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட ஓடாது. பணம் போகிற இடம் வேறு.

2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஆனதும் அட்டவணையே மாறிவிடும். 2.35 என்ற சலுகைப் படி காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகும். 500க்கு மேல் ஓடும் ஒவ்வொன்றும் 8.40. ஆக, அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். 560 யூனிட் ஓட்டும் வீடு 2,544 ரூபாய் கட்டுகிறது. 60 யூனிட்டைக் குறைத்தால் 739 ரூபாய் மிச்சம். யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. 350 யூனிட் வீடு அதே 60 யூனிட்டைக் குறைத்தால் கிடைப்பது 282 ரூபாய்தான். உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் எந்த சாமானும் வாங்க வேண்டாம்.

ரீடிங் எடுத்த நாளன்று மீட்டரில் 'கே.டபிள்யூ.எச்' (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாவது நாள் மறுபடி பாருங்கள். வித்தியாசம் 250ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில்தான் கையைப் பிடிக்க வேண்டும். பில் வந்தபிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

எதைப் பிடிப்பது? முதலில் மின்விசிறி. பழைய விசிறி 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டி எடுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் விசிறிக்கு 40 யூனிட் குறையும். 560 யூனிட் வீட்டில் இரண்டு விசிறியை மாற்றினால் 479க்கு வரும், பில் சுமார் 1,673. மிச்சம் 870 ரூபாய். இரண்டு விசிறிக்கு ஐந்தரை, ஆறாயிரம் செலவு என்றால் ஏழு பில்லில் போட்ட காசு வந்துவிடும். 350 யூனிட் வீட்டுக்கு அதே விசிறி காசைத் திருப்ப இரண்டரை வருடம் எடுக்கும். அவர்கள் பழையது கெடும்வரை காத்திருக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருடத்தில் நாலைந்து மாதம் விசிறியே சுற்றாது என்பதால் அங்கே கணக்கு இன்னும் மெல்ல நகரும்.

அந்தப் பக்கத்துக்குச் செலவு வெந்நீரில். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி இருந்தால், 20 லிட்டர் பக்கெட்டை 42 டிகிரிக்குக் கொண்டுவர 0.63 யூனிட் ஆகும். இதை எந்தக் கம்பெனி கீசராலும் குறைக்க முடியாது, தண்ணீர் கேட்கும் சூடு அது. நாலு பேருக்கு நாளுக்கு இரண்டரை யூனிட், ஒரு பில்லுக்கு 150. 400ல் நிற்கும் வீட்டை 500க்கு மேல் தள்ளிவிடுவது பெரும்பாலும் இதுதான். தென்னை மட்டை, கொட்டாங்கச்சி, மாமரம் கவாத்து செய்த குச்சி, புளி ஓடு சும்மா கிடைக்கும் மாவட்டம் இது. நன்றாகக் காய்ந்த விறகு அரை முதல் முக்கால் கிலோ இருந்தால் ஒரு பக்கெட் காயும். ஈர விறகு புகைதான் தரும். கீசர்தான் என்றால் குளிக்கப் போகும் முன் போட்டு, சுட்டதும் நிறுத்துங்கள். நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால் தொட்டியின் சுவர் வழியாகவே சூடு கசியும். போர்வெல் உப்புத் தண்ணீரால் கீசர் கம்பியில் படியும் சுண்ணாம்பு கரண்டைப் பெரிதாகக் கூட்டாது, கம்பியை எரித்துவிடும். அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் படிந்தால்தான் கேஸ் வீணாகும்.

போர் மோட்டாரையும் கணக்கில் சேருங்கள். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலே இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் பில்லுக்கு 65 யூனிட். டேங்க் நிரம்பி வழிவதைக் கேட்டபிறகு ஓடிப்போய் நிறுத்தும் பத்து நிமிடமே, தினமும் நடந்தால், பில்லுக்கு 11 யூனிட். செட்டாப் பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் 10 வாட் ஓடிக்கொண்டே இருக்கும், அது ஒரு 14 யூனிட். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

இனி கேஸா இண்டக்‌ஷனா. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. நல்ல அடுப்பில் பாத்திரத்துக்குப் போவது மூன்றில் இரண்டு பங்கு. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். ஆக ஒரு சிலிண்டர் வேலையைச் செய்ய இண்டக்‌ஷனுக்கு ஏறக்குறைய 140 யூனிட். சிலிண்டர் விலையை 140ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 900 ரூபாய் என்றால் 6.40 வருகிறது. உங்கள் அடுத்த யூனிட்டின் விலை 4.70 என்றால் இண்டக்‌ஷன் லாபம். 8.40 என்றால் கேஸ்தான் லாபம். 500ஐ நெருங்கும் வீட்டில் கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று இண்டக்‌ஷனைப் போட்டால் இரண்டு பக்கமும் அடி விழும். 150 யூனிட்டில் நிற்கும் சின்னக் குடும்பம் மட்டும் தயங்காமல் மாறலாம்.

கேஸிலேயே மிச்சம் பிடிக்கும் இடம் ராகிக் களி. அதில் அரிசி நொய் வேகத்தான் நேரம். நொய்யை அரை மணி ஊறவைத்து, கொதி வந்தபின் மூடி, பழைய போர்வையோ வைக்கோலோ திணித்த கூடையில் பானையை இறக்கி வைத்தால் அடுப்பில்லாமலே மலரும். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றி நன்றாகக் கொதிக்கவிட்டு மாவைப் போட்டு, சின்னத் தீயில் மூடி, கடைசியாகக் கிண்டினால் போதும். கூடையில் வைத்ததை மறுகொதி காட்டாமல் சாப்பிடக் கூடாது. கொள்ளு, மொச்சையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்முக்குக் குறையுங்கள். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கரி எரியாமல் போன கேஸ்.

மூட்டையாக வாங்குவதிலும் ஒரு எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பயறு என்றால் பத்துக்குள். அதற்கு மேல் இருந்தால் எந்த டிரம்மும் எந்த இலையும் காப்பாற்றாது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: பொடி உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் போடுங்கள். ஒரு கைப்பிடி தானியம் சேர்த்து மூடி இரண்டு நிமிடம் குலுக்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழ் என்றுதான் தெரியும், 12 என்று ஆகாது. எனவே ஒட்டாத தானியத்தையும் இன்னொரு நாள் காயவைப்பதே சரி. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூடாதீர்கள். ராத்திரி உள்ளே வியர்த்து, மேல் அடுக்கில் பூசணம் பிடிக்கும்.

இந்த இரண்டு மாவட்டத்துக்கு மொத்தமாக வாங்கச் சிறந்தது ராகி. மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும், அப்போதுதான் விலை இறங்கும். குறைந்தபட்ச ஆதரவு விலை 2024-25ல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், 2025-26ல் 4,886. விவசாயியிடம் நேரடியாக வாங்கும்போது பேரம் பேச இதுவே அளவுகோல். பாக்கெட் மாவின் விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் படும். சின்ன மணி, கெட்டித் தோல் என்பதால் வண்டு ராகியை எளிதில் துளைக்காது. காய்ந்த ராகி முழுதாக வருடக்கணக்கில் நிற்கும். மாவு நிற்காது, ஒரு மாதத்தில் காறல் வாடை தொடங்கும். ஆக, வருடத்துக்கான ராகியை வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை தேவையானதை மட்டும் கல் அரித்து, கழுவி, ஒரு நாள் காயவைத்து மில்லுக்கு அனுப்புங்கள். அரைத்த மாவு சூடாக வரும், தாம்பாளத்தில் பரப்பி ஆறியபின்தான் டப்பாவில் கொட்ட வேண்டும். தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்கள், வாங்குபவர்கள் அதைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

பயறு வேறு கதை. கொள்ளு, துவரை, அவரை, மொச்சை எல்லாவற்றிலும் பயறு வண்டு செடியில் இருக்கும்போதே காயின் மேல் முட்டை வைத்துவிடும். டப்பா எவ்வளவு இறுக்கமானாலும் முட்டை உள்ளேதான் இருக்கிறது. தை, மாசியில் வாங்கியதும் கறுப்புத் தார்ப்பாயில் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரியான பாலிதீன் விரித்து ஓரங்களில் கல் வைத்து, பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை இரண்டு நாள் விடுங்கள். உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும், முட்டையும் புழுவும் சாகும். விதைக்கு எடுத்து வைப்பதை இப்படிச் செய்யாதீர்கள், முளைப்பு கெடக்கூடும். விதைக்குச் செம்மண் கட்டுவது, அதாவது செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பது, சரி.

ஆறியபின் காலி 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள், ஒன்றில் சுமார் 1.6 கிலோ பிடிக்கும். காற்று குறைவாக இருந்தால் தப்பிய வண்டும் மூச்சுத் திணறிச் சாகும். ஒரே பெரிய டிரம்மில் வைத்து தினம் திறந்தால் இந்தப் பலன் கிடைக்காது. வேப்பிலை, நொச்சி இலை வண்டை விரட்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது. அதையும் காயாமல் போட்டால் ஈரத்தைத்தான் சேர்க்கும். போரிக் பவுடர் கலக்கவே கலக்காதீர்கள். மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து வீட்டில் படுப்பது உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வரும் வாயு ஆளையும் கொல்லும்.

துவரம் பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ வருகிறது, மீதித் தேவைக்கு மட்டும் வாங்கினால் போதும். அரிசியில், 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது. விலை கேட்கும்போது மூட்டைக்கு அல்ல, கிலோவுக்குக் கேளுங்கள். புழுங்கலில் வண்டு மெதுவாகத்தான் ஏறும், பச்சரிசியில் சீக்கிரம். ஒரே நேரத்தில் இரண்டு மூட்டைக்கு மேல் வாங்கத் தேவையில்லை. தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

புளி தை முதல் பங்குனி வரை. ஓட்டோடு வாங்கினால் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் சதை, மீதி ஓடும் கொட்டையும் நாரும். கொட்டை எடுத்த புளி விலையில் பாதிக்கு மேல் ஓட்டுப் புளிக்குக் கேட்டால், தட்டி எடுக்கும் கூலி வீண். ஒரு நாள் காயவைத்து, கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் கல் உப்பு தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ காற்று இல்லாமல் அழுத்தி அடையுங்கள். அலுமினியமும் பித்தளையும் கூடாது, புளிப்பு அரிக்கும். நாளாக நாளாகக் கறுப்பது இயல்பு. வேர்க்கடலையைத் தோலோடு வையுங்கள். பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறியுங்கள், அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி விலை சரியும் நாட்களில் வாங்கிக் காயவைப்பது கோடையில் மட்டும் நடக்கும். ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி உப்புத் தடவி, கொசுவலைக்குக் கீழே இரண்டு மூன்று நாள் வெயில். மடித்தால் ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஜாடியில் பூசணம் வரும். 10 கிலோவுக்கு முக்கால் கிலோகூடத் தேறாது. மழைக்காலத்தில் மின் உலர்த்தியில் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்த 10 கிலோவில் 9 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதை ஆவியாக்கக் குறைந்தது 6 யூனிட் வேண்டும், வீட்டு உலர்த்தியில் 10, 12 ஆகும். 500ஐத் தாண்டிய வீட்டில் அது 100 ரூபாய் கரண்ட்.