கேட் வரை வந்தால் போதாது

தீயணைப்பு வாகனமும் ஆம்புலன்ஸும் ஒரு கட்டடத்தை அணுக முடியுமா என்று பார்த்துச் சொல்வதுதான் பல ஆண்டுகளாக என் பணி. வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்ப்பது அதில் ஒரு பகுதி. கட்டி முடித்த பிறகு அந்த வளாகத்தில் அளவு நாடாவோடு நடப்பது இன்னொரு பகுதி. சாலை இருக்கிறது, கேட் இருக்கிறது, ஆகவே வண்டி வந்துவிடும் என்று கட்டுபவர்களும் குடியிருப்பவர்களும் நம்புகிறார்கள். ஆனால் கேட்டைத் தாண்டிய பிறகு வண்டி சுவருக்கு உரிய தொலைவில் போய் நிற்க வேண்டும். நிற்கும் தரை அதன் பாரத்தைத் தாங்க வேண்டும். பக்கவாட்டுப் பெட்டிகளைத் திறந்து வீரர்கள் கருவிகளை எடுக்க இடம் வேண்டும். பின்னால் வரும் வண்டிக்கும் வழி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி வந்ததன் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

பாதையின் அகலத்தைப் பற்றி விதிகள் சொல்லும் எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பு, தடையேதும் இல்லாத 20 அடி அகலத்தையும் 13 அடி 6 அங்குல உயரத்தையும் கேட்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டி, சாதாரணத் தீயணைப்பு வண்டிக்குச் சாலையில் 3.7 மீட்டரும் வாயிலில் 3.1 மீட்டரும் போதும் என்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வளாகத்தின் முதன்மை நுழைவாயிலுக்கான குறைந்தபட்ச அகலம் 6 மீட்டர். வண்டியின் உடல் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3.7 மீட்டர் பாதையில் இருபுறமும் மிஞ்சுவது சுமார் 60 சென்டிமீட்டர்தான். கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் ஒருவர் முழு உடையும் மூச்சுக் கருவியும் அணிந்து இறங்கி, பெட்டிக் கதவைத் தூக்கி, குழாய்ச் சுருளை வெளியே இழுக்க வேண்டும். அகலம் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் வாதாடுவதற்கு இதுவே காரணம்.

நேர்ப்பாதையைவிடத் திருப்பங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதே நேரத்தில் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி வெளிப்பக்கச் சுவரை நோக்கி விலகும். ஒரு குடியிருப்பு வளாகத்தில் கட்டடத்தைச் சுற்றிய பாதை எல்லா இடத்திலும் விதிப்படியே இருந்தது. வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒப்படைப்புக்கு முன் உண்மையான வண்டியை வரவழைத்து ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாவது மூலையில் உட்பக்கப் பின்சக்கரம் பூச்செடித் திட்டின் கருங்கல் விளிம்பில் ஏறிவிட்டது. ஓட்டுநர் பின்னுக்கு எடுத்து, மறுபடி வளைத்து, மூன்றாவது முயற்சியில் கடந்தார். பட்டப்பகலில், புகையும் கூச்சலும் இல்லாமல், ஒருவர் கீழே நின்று கைகாட்டியும் இவ்வளவு நேரம் எடுத்தது. அந்தத் திட்டை ஒரு மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அதிலிருந்து, பாதையின் நடுக்கோட்டை மட்டும் வளைவாக வரைந்து கொண்டுவரும் வரைபடத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் உள்ள மிக நீளமான வண்டியின் சக்கரத் தடங்களையும் உடல் விளிம்பின் தடத்தையும் வரைந்து காட்டும்படி கேட்கிறேன்.

மறுமுனையில் வெளியேற வழியில்லாத முட்டுப் பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து வழிகாட்டி, 20 மீட்டருக்கு மேல் வண்டி பின்னோக்கி வர நேரக்கூடாது என்றும், அதைவிட நீளமான முட்டுப் பாதையில் திரும்புமிடம் வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த விதியை அலங்காரமாக நினைத்துத் தளர்வு கேட்பவர்கள் நிறைய. பெரிய வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு ஒருவர் இறங்கி வழிகாட்ட வேண்டும்; அதற்குள் இரண்டாவது வண்டி பின்னால் வந்து நின்றுவிடும்; தரையில் குழாய்கள் விரித்துவிட்டால் அதன்பிறகு எதுவும் நகராது. காயம்பட்டவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் அந்த வரிசையின் உட்புறத்தில் சிக்கிக்கொண்டால் வெளியே வருவது எப்படி? ஆம்புலன்ஸுக்கு உள்ளே போகும் வழி எவ்வளவு முக்கியமோ, வெளியேறும் வழியும் அவ்வளவு முக்கியம். வாயில் ஒன்றே உள்ள வளாகங்களில் இதை நினைத்துத்தான் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்கிறேன்.

தரையின் வலிமையைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதே இல்லை. இப்போது பல வளாகங்களில் முற்றம் என்பது நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தின் கூரைதான். பூங்காவும் நடைபாதையுமாக மேலே அழகாக இருக்கும். ஸ்லாபோ கார்களுக்கும் மனிதர்களுக்கும் மட்டுமே கணக்கிட்டு வார்க்கப்பட்டிருக்கும். 45 டன் வரை எடையுள்ள வண்டியைத் தாங்கும்படி சுற்றுப்பாதை இருக்க வேண்டும் என்று இந்திய விதித்தொகுப்பு சொல்வது இதற்காகத்தான். ஏணி வண்டி என்றால் இன்னும் சிக்கல். ஏணியை உயர்த்துவதற்கு முன் அது நான்கு தாங்குகால்களைப் பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்றும்; பல வண்டிகளில் அந்த விரிவு ஐந்து மீட்டரைத் தாண்டும். சக்கரங்களில் பரவியிருந்த எடையெல்லாம் அப்போது நான்கு சிறிய இடங்களில் இறங்குகிறது. அவற்றுள் ஒன்று சாக்கடை மூடியின் மேல் அமைந்தால், பொறுப்புள்ள எந்த இயக்குநரும் ஏணியை உயர்த்த மாட்டார். சுவருக்கு மிக நெருக்கமாக நின்றாலும் ஏணி சரியான கோணத்தில் சாயாது; மிகத் தள்ளி நின்றால் மேல்மாடிக்கு எட்டாது.

வண்டி எவ்வளவு அருகில் வந்தாலும் கடைசித் தூரத்தைக் குழாய்தான் கடக்கிறது. அந்தத் தூரத்துக்கு வரம்பாக அமெரிக்க விதி 150 அடி என்றும் இங்கிலாந்து வழிகாட்டி 45 மீட்டர் என்றும் சொல்வது ஏறத்தாழ ஒரே நீளம்தான். குழாய் பறந்து போவதில்லை; மூலைகளைச் சுற்றி, கம்பிவேலியைத் தவிர்த்து, படிகளில் ஏறித்தான் போகிறது. ஆகவே வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு 45 மீட்டர் காட்டுபவர்களிடம், அந்த வழியிலேயே என்னோடு நடந்து வரச் சொல்கிறேன்.

இத்தனையும் சரியாக அமைந்த வளாகம்கூட மக்கள் குடியேறிய சில ஆண்டுகளில் மாறிவிடுகிறது. இந்தப் பணியில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். வெயிலுக்கு ஒரு தகரக் கொட்டகை, பாதுகாப்புக்குப் பூட்டிய இரண்டாவது கேட், வேகத்தைக் குறைக்க உயரமான மேடு, அழகுக்கு ஒரு நுழைவு வளைவு, விருந்தினர் கார்களுக்குப் பாதையோரம் சற்று இடம் என்று ஒவ்வொன்றும் நியாயமான தேவைக்காகவே வருகிறது. யாரும் வண்டியைத் தடுக்க நினைப்பதில்லை. நட்டபோது தோளுயரம் இருந்த மரம் கிளைவிட்டுப் பாதையின் மேல் கவிகிறது. குழந்தைகள் விளையாட்டுத் திடலுக்கு வேலி வரும்போது, தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் குழாய்முனையான ஹைட்ரண்ட் உள்ளே மாட்டிக்கொள்கிறது. பூட்டிய கேட்டின் சாவி யாரிடம் என்று கேட்டால், பகல் காவலாளி இரவு காவலாளியைச் சொல்வார். இரவு காவலாளி அலுவலகத்தைச் சொல்வார். அலுவலகம் மாலையே மூடியிருக்கும். தீயணைப்புத் துறை திறக்கக்கூடிய சாவிப் பெட்டியைக் கேட்டருகே பொருத்தினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

முகவரியிலும் இதே நிலைதான். செல்பேசி வரைபடம் சில வளாகங்களில் வண்டியைப் பின்புறச் சுவருக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. பிளாக்கின் எழுத்து கட்டடத்தின் நெற்றியில் பெரிதாக, இரவிலும் தெரியும்படி இருந்தால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

ஆண்டாய்வுக்குச் செல்லும்போது நான் பகல் நேரத்தை ஏற்பதில்லை. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு எந்த வளாகமும் அகலமாகத்தான் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல், வாகனங்கள் எல்லாம் திரும்பி வந்து நின்ற பிறகு, குடியிருப்போர் சங்கத்தினரையும் காவலாளியையும் அழைத்துக்கொண்டு பாதை முழுவதும் அளந்து வருகிறோம். அந்த நேரத்தில் மிஞ்சும் அகலமே அறிக்கையில் பதிவாகிறது. அகலம் குறைந்த இடங்களில் எந்த வாகனத்தை எங்கே மாற்றுவது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்கிறோம்.