கம்பேனியனுக்காக வாங்கிய ஓடாத ஹெரால்டுகள்

எங்களிடம் உள்ள கம்பேனியன் என்ற பழைய ஸ்டேஷன் வேகனைச் சரிசெய்யப் பார்ட்ஸ் வேண்டியிருந்தது. பார்ட்ஸுக்காக ஓடாத ஒரு ஹெரால்டு காரைப் பார்க்கப் போனால் விற்பவர் முதலில் பானட்டைத் தூக்கித்தான் காட்டுவார். "பாடி போயிடுச்சு, ஆனா எஞ்சின் பக்காவா இருக்கு சார்" என்பார். நமக்கு வேண்டிய பட்டியலில் அந்த எஞ்சின்தான் கடைசி. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கு ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வேலை எல்லாவற்றையும் அம்பத்தூரிலேயே முடித்துவிடலாம். வளைந்த முன் கண்ணாடி, கதவுப் பூட்டு, கைப்பிடி, முன்பக்கம் முழுவதையும் மூடும் பானட், மீட்டர் செட் ஆகியவற்றை எந்த லேத்திலும் கடைய முடியாது. ஓடாத வண்டிக்குக் காசு கொடுப்பது இவற்றுக்காகத்தான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் நம் பெருங்களத்தூர்ப் பக்கத்தில் தயாரான வண்டி. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். அதன் ஸ்டேஷன் வேகன் வடிவம் கம்பேனியன். பின்னால் 1972-லிருந்து 1977 வரை வந்த கெஸல் என்ற காரிலும் இதே 948 சி.சி. எஞ்சின்தான், ஆனால் பின் ஆக்ஸில் வேறு. ஹெரால்டில் இரு பக்கமும் தனித்தனியே ஆடும் ஸ்விங் ஆக்ஸில், கெஸலில் ஒரே தண்டான ஆக்ஸில். ஆகவே கெஸல் கிடைத்தால் எஞ்சின் உள்பாகங்களுக்காக மட்டும் யோசிக்கலாம். பின்பாதி கம்பேனியனுக்கு உதவாது.

இன்னொரு வேகன் கிடைக்கும் என்று காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். சலூன் (வேகன் அல்லாத சாதாரணக் கார் வடிவ) ஹெரால்டையே வாங்க வேண்டியிருக்கும். அதற்குமுன் கம்பேனியனுக்கு மட்டுமே உரியவை எவை என்று பிரித்துவிடுங்கள்: பின்கதவு, அதன் கண்ணாடி, பின்பக்கவாட்டுக் கண்ணாடிகள், கூரை, பின்பக்கத் தகடுகள். இவை எந்தச் சலூனிலும் வராது. தகட்டை டிங்கரிங்கில் சரிசெய்வது, தட்டைக் கண்ணாடி என்றால் டஃப்பன் செய்யும் (சூடாக்கி உறுதிப்படுத்தும்) இடத்தில் அளவு கொடுத்துப் புதிதாக எடுப்பது, இவை இரண்டே வழி. கதவிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கதவு வண்டியின் கதவும் நான்கு கதவு வண்டியின் முன்கதவும் நீளத்தில் ஒன்றல்ல. உங்கள் வேகனின் கதவை டேப் வைத்து அளந்து, அளவைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

டிரனியன் (முன் சக்கரத் தாங்கியின் அடியில் வரும் பித்தளைப் பாகம்), பாடி மவுண்டிங் ரப்பர், கதவு பீடிங், கேஸ்கெட் செட், யுனிவர்சல் ஜாயின்ட் ஆகியவை பிரிட்டனில் இன்றும் புதிதாகவே விற்கின்றன. சுங்க வரி கொடுத்து வரவழைத்தாலும் ஐம்பது ஆண்டு காய்ந்த ரப்பரைக் கழற்றி மாட்டுவதைவிட அது மேல். பேரிங்குக்கு நம்பர் இருந்தால் போதும். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் ரீலைனிங், டைனமோ வைண்டிங், ரேடியேட்டர் கோர் எல்லாம் புதுப்பேட்டையைச் சுற்றியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் முடியும். இவற்றை அடித்துவிட்டு மிச்சமிருக்கும் பட்டியலோடு வண்டி தேடினால் ஏமாற மாட்டீர்கள்.

நாங்கள் வாங்கியது இரண்டு. ஒன்று திருவான்மியூரில் கடல் காற்றில் நின்ற இரண்டு கதவு வண்டி. பாடி பப்படம், ஆனால் மீட்டர்கள், பூட்டுகள், முன் கண்ணாடி எல்லாம் முழுசு. இன்னொன்று வேலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் நின்ற நான்கு கதவு வண்டி. எஞ்சின் ஜாம், சேசி (வண்டியின் அடிச்சட்டம்) அருமை. பார்வைக்கு மோசமாக இருந்த முதல் வண்டியிலிருந்துதான் அதிகம் எடுத்தோம்.

வண்டியைப் பார்க்கும்போது கூரான ஸ்க்ரூ டிரைவர், காந்தம், டார்ச், சாய்ந்து படுக்க ஒரு சாக்கு எடுத்துப் போங்கள். ஹெரால்டு தனிச் சேசி உள்ள வண்டி. பாடி துண்டுகளாக அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், டிஃபரன்ஷியலுக்கு இருபுறமும் பின்னோக்கிப் போகும் தண்டுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் 'டங்' என்று வந்தால் நல்லது. 'பொத்' என்று வந்தால் உள்ளே துரு அடை. மேலே அழகாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைச் சென்னையில் எப்போதும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வெளியே கழுவிவிடுவார்கள். ஹெட்லைட்டைக் கழற்றி அதன் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மெல்லிய களிமண் பொடி ஒட்டும். மீட்டர் கண்ணாடிக்குள் படிந்த நீர்க்கோடும் காட்டிக்கொடுக்கும். அந்தக் களிமண் சேசிக் குழாய்க்குள்ளும் இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

எஞ்சினைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு சோதனை. கிராங்க் தண்டின் நுனியிலுள்ள புல்லியை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். இந்த எஞ்சினில் கிராங்கின் நீளவாக்கு ஆட்டத்தைத் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) விழுந்துவிட்டால் கிராங்க் நேரே பிளாக்கை அரைக்கும். பிறகு பிளாக்கும் போச்சு, கிராங்கும் போச்சு. கால் மில்லிக்கு மேல் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த எஞ்சினுக்கு இரும்பு விலைதான். ஜாம் ஆன எஞ்சின் அதைவிடத் தேவலை. பிளக் ஓட்டைகளில் மண்ணெண்ணெயும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி ஊற்றி ஒரு வாரம் விட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் இளகும். செல்ஃப் அடித்து இளக்கப் பார்க்காதீர்கள், ரிங் உடையும்.

இனி டிரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க்கின் கீழ்நுனி மரையாக இருக்கும், பித்தளை டிரனியனுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது 90 கிரேடு கியர் ஆயில். நம் ஊரில் சர்வீஸ் ஸ்டேஷனில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டியாகி மரையின் அடி வரை போகாது. தண்ணீர் மட்டும் போகும். மரை தொடங்கும் இடத்தில் துருக்குழி விழுந்து, அங்கே விரிசல் தொடங்கி, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

பார்ட்ஸ் வண்டியிலிருந்து எடுத்த நான்கு லிங்க்குகளையும் பெட்ரோலில் கழுவி, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) வைத்துப் பார்த்தோம். சிவப்பு ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். மூன்று வெள்ளையாகவே நின்றன. நான்காவதில், மரைக்கு மேலே முதல் வளையத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வந்தது. கையில் தடவினால் ஒன்றும் தெரியாது. லிங்க்கைப் பொருத்தும்போது பக்கம் பார்த்து மாட்ட வேண்டும்: வலப்பக்கத்துக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை.

விலை பேசும்போது விற்பவர் 'விண்டேஜ்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவார், நீங்கள் எடையிலிருந்து தொடங்குங்கள். வண்டி சுமார் 800 கிலோ. அன்றைய இரும்பு விலையைக் காயலான் கடையில் கேட்டுக்கொண்டு போனால் அடிவிலை கிடைத்துவிடும். அதற்குமேல் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் எவ்வளவு என்று பேசலாம். பானட் என்றால் கீல் பெட்டியோடு சேர்த்து. தனி பானட்டை வாங்கினால் இடைவெளி கடைசிவரை சரியாகாது.

கொண்டுவருவதற்கு பிளாட்பெட் தவிர வேறு வழி நினைக்காதீர்கள், கயிறு கட்டி இழுப்பது வேண்டாம். காற்று நிற்கும் நான்கு 13 அங்குல வீல்களை எடுத்துப் போங்கள். நான்கு போல்ட்தானே என்று மாருதி 800 வீலைக் கொண்டுபோனால் உட்காராது: அதன் போல்ட் வட்டம் 114.3 மில்லி, இதற்கு 95.25. டிரம் இறுகியிருந்தால் பின்னாலுள்ள சதுர அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், பிறகு டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள்.

பிரிக்கும் வேலையை ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கூரை இல்லாத இடத்தில் பாதி பிரித்த வண்டி நின்றால் மிச்சமும் போய்விடும். போல்ட்டுகள் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16 ஸ்பேனர் செட் வேண்டும். 13 நம்பர் ஸ்பேனர் 1/2-க்குப் போகும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். முதலில் கண்ணாடி: ரப்பரை பிளேடால் அறுத்துவிட்டு வெளியே தள்ளுங்கள். ரப்பரைக் காப்பாற்ற நெம்பினால் கண்ணாடி போகும். வயரிங்கை வெட்டாதீர்கள், நுனிக்கு நுனி சீட்டு கட்டி முழுதாக உருவுங்கள். லூகாஸ் நிறக்கணக்கு எளிது. பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாக இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். கியர்பாக்ஸை வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்ற வேண்டாம். நடுவிலுள்ள மூடியை எடுத்தால் உள்ளிருந்தே வெளியே வந்துவிடும்.

பின்னால் குறுக்கே போகும் ஸ்பிரிங் பட்டையில்தான் கவனம். பாரம் இருக்கும்போதே பட்டை நுனியின் கண்ணிலுள்ள போல்ட்டைத் தட்டி எடுத்தால் பட்டை எகிறும். ஜாக் வைத்துப் பின் சக்கரத்தின் வெர்ட்டிகல் லிங்க்கைத் தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, மெல்ல இறக்கிய பிறகே போல்ட்டைத் தொடுங்கள். சலூனின் பட்டையை அப்படியே வேகனில் போட்டுவிடவும் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து இலைகளின் எண்ணிக்கையையும் கனத்தையும் ஒப்பிடுங்கள்.

காகித வேலை எங்கள் திட்டத்தையே மாற்றியது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டியை விண்டேஜாகப் பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் சேசி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இது கிடைக்காது. தினமும் ஓட்டவும் முடியாது. அதனால் வேலூர் வண்டியின் நல்ல சேசியை அப்படியே மாட்டாமல், எங்கள் சேசியில் கெட்டுப்போன இரண்டு கைகளுக்குப் பதிலாக அதன் கைகளை மட்டும் அறுத்து வெல்டு செய்தோம். எஞ்சினிலும் எங்கள் பிளாக்கே இருக்கிறது. கிராங்க், கனெக்டிங் ராடு, ஹெட் மட்டும் பார்ட்ஸ் வண்டியிலிருந்து வந்தவை. சாதாரணப் பதிவையே புதுப்பிப்பவர்களும் எஞ்சின் பிளாக்கை மாற்றினால் ஆர்.சி.யில் நம்பரை மாற்றியே ஆக வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பார்ட்ஸ் வண்டியின் சேசித் தகட்டைப் பிடுங்கி உங்கள் வண்டியில் அடிப்பது குற்றம். யோசனை சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வாங்கும்போதே ஆர்.சி. நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல், சேசி நம்பரை வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி, 'பிரிப்பதற்காக விற்கிறேன்' என்ற கையெழுத்துக் கடிதம் நான்கும் வாங்கிவிடுங்கள். வண்டி இனி ஓடாது என்றால் உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசிடம் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மிச்சக் கூட்டைப் பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்துக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் பாடிக்கும் சேசிக்கும் நடுவில் இடைவெளியைச் சரிசெய்ய இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளையும், கதவு ஸ்டிரைக்கருக்கு அடியில் இருப்பவற்றையும் எடுத்து, எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி டப்பாவில் போடுங்கள். முதல் வண்டியில் அவற்றை விட்டுவிட்டோம். கம்பேனியனின் இடது கதவு மூட, பிறகு ஒன்றரை மில்லி தகட்டை வெட்டி ஒன்பது ஷிம் செய்ய வேண்டியதாயிற்று.