ஞானப்பல்லுக்காக நாகர்கோவில் அலைச்சல்

வலப்பக்கக் கீழ்க்கடைவாயில் ஞானப்பல் பாதிதான் வெளியே வந்தது. மீதி, அதற்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து ஈறுக்குள்ளேயே படுத்துவிட்டது. பல்லைவிட அதன்மேல் மூடிபோலக் கிடந்த ஈறுச் சதைதான் படுத்தியது. சோறும் மீன் துணுக்கும் அதற்கடியில் மாட்டிப் புண்ணாகி வீங்க, மேல்பல் அந்த வீக்கத்தையே கடிக்கத் தொடங்கியது. வாய்க்குள் இரண்டு விரல் நுழையவில்லை. மரச்சீனிக் கிழங்கை விடுங்கள், கஞ்சியும் பயறும் இறங்கவே பெரும்பாடு.

"கிராம்பு வச்சுக் கடிச்சுப் பிடி மக்ளே" என்றார் சித்தி. கொஞ்ச நேரம் கேட்கும். ஆனால் கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றாதீர்கள், பொத்துப்போகும். எனக்கு உண்மையில் உதவியது இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர்தான், சாப்பிட்டபின் ஒவ்வொரு தடவையும். கன்னத்தில் வெளியே சூடு ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடும்.

நாகர்கோவிலில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தபோது, "வாங்க, எடுத்திரலாம்" என்றார்கள். திருவட்டாறிலிருந்து பஸ், ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் தாடையில் தெரிந்தது. டோக்கன் போட்டு உட்காரவைத்து, மத்தியானம் ஆனபிறகு டாக்டர் பார்த்தார். சீழ் இருக்கும்போது மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது, வீக்கம் வடியட்டும் என்றார். நியாயம்தான். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே! அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதித் தந்தார். இரண்டாவது மாத்திரையால் வாயெல்லாம் இரும்புக் கசப்பு. அதைச் சாப்பிடும் நாட்களில் மது தொடவே கூடாது.

இரண்டு தாடையும் பல் முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கும் மிஷின் அங்கே இல்லை. வேறு தெருவில் ஒரு ஸ்கேன் சென்டர், அங்கே தனிக் காசு, தனி வரிசை.

வீக்கம் வடிந்ததும், அவர்கள் சொன்ன தேதியிலேயே படத்தோடு போய் நின்றால், ரிசப்ஷனில் இருந்த அக்கா படத்தைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொல்கிறார்: "இது படுத்த பல்லுல்லா? இதுக்கு சர்ஜன் வரணும். அவங்க ஞாயிற்றுக்கிழமைதான் வருவாங்க." தேதி குறித்துக் கொடுத்தவரே அவர்தான். ஒரு 'சாரி'கூட இல்லை.

ஆகவே, போனில் வெறும் 'பல் எடுப்பீர்களா' என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். படுத்த ஞானப்பல் என்று சொல்லி, சர்ஜன் எந்தக் கிழமை வருவார், எக்ஸ்ரே அங்கேயே உண்டா, சர்ஜன் ஃபீஸ் பில்லில் சேர்ந்ததா தனியா என்று பிடிவாதமாகக் கேளுங்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வழி: குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கல்லூரி என்பதால் வாய் அறுவைப் பிரிவும் எக்ஸ்ரேயும் அங்கேயே இருக்கும்.

சர்ஜன் நல்ல மனிதர். வேர் நுனிக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பைப் படத்தில் காட்டி, உதடு கொஞ்ச நாள் மரத்திருக்க வாய்ப்புண்டு என்று முதலிலேயே சொன்னார். பல்லை இரண்டாக அறுத்து எடுத்தார். வலி இல்லை, சத்தம்தான் மண்டைக்குள் ஏறியது. தையல் போட்டு அனுப்பினார்.

அப்புறம்தான் கவனம் வேண்டும். பஞ்சைக் கடித்தபடி அரைமணி நேரத்துக்கு மேல் வாயை மூடியே இருங்கள், துப்பாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும். பிறகு இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். பீடி, சிகரெட்டுக்கும் இதே கதிதான். வாய் கொப்பளிப்பது மறுநாளிலிருந்து, அதுவும் மெதுவாக.

தையல் பிரிக்கப் போனபோது ரிசப்ஷனில், "இடப்பக்கப் பல்லையும் எடுத்திரலாமா?" என்று கேட்டார்கள். நான் நேரே சர்ஜனிடமே கேட்டேன். அது நேராக முளைத்திருக்கிறது, பிரஷ் எட்டுகிறது, வலியும் இல்லை, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றார்.