வாயு அல்ல, இதயம்

பிள்ளை பெற்றவளுக்கு நெஞ்சு வலித்தால் நம் வீடுகளில் முதலில் வருவது ஓமத் தண்ணீர்தான். எனக்கும் வந்தது. அவசர சிசேரியன் முடிந்த மறுநாள் இரவு நெஞ்சின் நடுவே பெரும் பாரம். படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. "பச்சை உடம்பு, வாயுதான்" என்றார் அத்தை. இரவுப் பணியில் இருந்த செவிலியர் அதை ஏற்கவில்லை. படுக்க முடியாத அளவுக்கு மூச்சு முட்டுகிறதென்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவரை எழுப்பிவிட்டார். அந்த அம்மாவை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஈசிஜி மாறியிருந்தது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடியிருந்தது. மாரடைப்பிலும் இப்படித்தான் இருக்குமாம். பிரசவத்தை ஒட்டி இதய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவதும் உண்டு என்பதால் மணிக்கட்டு வழியாகச் சாயம் செலுத்தி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். அடைப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. எக்கோ என்னும் இதய ஸ்கேனில்தான் பிடிபட்டது: இடது கீழறையின் மேற்பகுதி நன்றாகச் சுருங்க, நுனி மட்டும் அசையாமல் பலூன்போல உப்பியிருந்தது. 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தம் வெளியேற்றும் திறன் எனக்கு 35. டகோட்சுபோ என்றார்கள்; இதயத் தசை தற்காலிகமாக வலுவிழந்துபோவது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோய். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது, பிரசவத்தில் அபூர்வம்.

"மன அழுத்தத்தாலும் வரும்" என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். எதற்கெடுத்தாலும் யோசிக்கிறவள் என்றார் ஒருவர். பெண் பிறந்ததில் மனம் உடைந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். மகளைக் கண்டு பூரித்துக் கிடந்த எனக்கு நோயைவிட இதுதான் எரிச்சல். வலி, ரத்தப்போக்கு, அறுவை, சில மருந்துகள் என எதனாலும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகலாம், அவை இதயத் தசையைச் சில காலம் முடக்கிவிடலாம் என்று மருத்துவர் அத்தைக்குப் படம் வரைந்தே விளக்கினார். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

சிகிச்சையில் சிக்கல் அதிகமில்லை. நீர் பிரிய மருந்து, இதயத்தின் சுமையைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், எனலாப்ரில் மாத்திரைகள், உப்பு குறைவு. பால் கொடுக்கலாமா என்பதுதான் என் பெரிய கவலை. இந்த மாத்திரைகளோடு கொடுக்கலாம், ஆஞ்சியோகிராம் சாயத்துக்காகவும் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம் என்றார்கள். ஐசியுவில் இருந்தவரை பாலை எடுத்து அனுப்பினேன்.

சில வாரங்களில் எக்கோ இயல்புக்கு வந்தது. ஆனாலும் உடனே விட்டுவிடவில்லை. பேறுகாலத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை வரக்கூடிய இதயத்தசை நோய் ஒன்று தனியாக இருக்கிறது. அது அடுத்த பேற்றிலும் திரும்பக்கூடியது. எனக்கு வந்தது அதுவல்ல என்று தெளியும்வரை எக்கோ தொடர்ந்தது. இன்னொரு பிள்ளை பற்றிக் கேட்டேன். கருத்தரிக்கும் முன் ஓர் எக்கோ, மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே இந்தக் கோப்பு, பிரசவம் இதய மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.