நீலகிரியிலிருந்து பிரிட்டன் நர்ஸ் வேலைக்கு: முதலில் பெயரைப் பாருங்கள்

நர்சிங் முடித்து, வார்டு அனுபவமும் சேர்த்த பிறகு பிரிட்டன் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் பாஸ்போர்ட்டையும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் ‘எம். சுமதி’, பாஸ்போர்ட்டில் ‘சுமதி மணி’, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் என்று இருந்தால் ஒவ்வொரு படியிலும் கேள்வி வரும். கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் அப்பா பெயரே காகிதத்துக்குக் காகிதம் மாறியிருக்கும். தேர்வுக்குப் பணம் கட்டுமுன் இதைத் திருத்திவிடுங்கள். தேர்வு மையத்தில் பதிவுப் பெயர் பாஸ்போர்ட்டோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

ஆங்கிலத்துக்கு மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு அல்லது பொதுவான ஐஇஎல்டிஎஸ் தேர்வு. ஓஇடியில் கேட்டல், வாசித்தல், பேசுதலில் பி தரம் வேண்டும். எழுதுதலுக்கு சி பிளஸ் போதும். ஐஇஎல்டிஎஸ்ஸில் 7, எழுதுதலில் மட்டும் 6.5. வார்டு மொழி பழகியவர்களுக்கு ஓஇடிதான் கைகொடுக்கும் என்பது எங்கள் கணிப்பு.

அடுத்தது கணினித் தேர்வான சிபிடி: 15 மருந்துக் கணக்குகள், 100 கொள்குறி வினாக்கள். மலையிலிருந்து இறங்குபவர்கள் முந்தின நாளே கீழே போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலையை அடைத்துவிடுவார்கள். கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் சேர வேண்டும்.

கவுன்சிலின் பதிவுச் சரிபார்ப்பு சென்னையிலிருந்து பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சிக்கு நேரடியாகப் போக வேண்டும். இது இழுத்தடிக்கும்; சீக்கிரமே விண்ணப்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். வேலை வாங்கித் தருவதற்கு நர்ஸிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. அந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தை வேலை தரும் மருத்துவமனைதான் ஏற்கும். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பத்தியையும் வாசியுங்கள்.

வேலை தரும் மருத்துவமனையிடமிருந்து ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். வெகு முன்னால் எடுத்துவிடாதீர்கள். நர்ஸ்களுக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது.

போன பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை. நம்மவர்கள் தோற்பது திறமைக் குறைவால் அல்ல, பேசாமல் வேலை செய்வதால். இங்கே “மூணாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா” என்று கேட்டே பழகிவிட்டோம். அங்கே பெயர், பிறந்த தேதியை நோயாளி வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும். கை கழுவுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாரையாவது கட்டிலில் படுக்கவைத்து, தங்குதடையில்லாமல் வரும்வரை பயிற்சி எடுங்கள்.

இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் பதிவு பெற்ற நர்ஸுக்கான சம்பளப் படியான பேண்ட் 5இன் தொடக்கச் சம்பளம் 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஆஸ்கி தேறி என்எம்சி பதிவு எண் வரும்வரை அதற்குக் கீழ்ப்பட்ட பேண்ட்தான். ஊருக்குப் பணம் அனுப்பும் கணக்கை, வீட்டு வாடகையைக் கழித்துவிட்டு, அந்தக் குறைந்த சம்பளத்தில் போடுங்கள்.