அடைவுக் கவுண்டரின் இந்தப் பக்கம்

நகை அடைவு, அதாவது அடகு, வைக்க வருகிறவர்களிடம் காரணம் கேட்பது என் வேலை இல்லை. படிவத்தில் விவசாயமா வீட்டுத் தேவையா என்று ஒரு குறி போட்டால் போதும். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் அடைவுப் பிரிவில் நான் இருந்த 16 வருடங்களில், ஒன்றும் சொல்லாமல் நகையை நீட்டியவர்கள் மிகக் குறைவு. “மகனுக்கு ரியூசன் காசு கட்ட வேணும், பிள்ளை.” “வெங்காயம் நட வேணும், தங்கச்சி. வாற மாசமே மீட்டிடுவன்.” தராசில் நகையை வைக்க முதலே சொல்லிவிடுவார்கள்.

சொல்வதெல்லாம் உண்மை இல்லை. கூரை திருத்த என்று சொன்னவரின் கதையை, அவர் போன கையோடு பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாதிரிச் சொல்வார். சின்ன ஊர். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. காசு தரத்தானே போகிறேன், எதற்குப் பொய் என்று நினைப்பேன். போகப் போகத்தான் விளங்கியது. கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்கிற நேரத்தில் ஆள் தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறார். நான் அது கேட்கும் தூரத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டு நிலைமை தெரிய வேண்டுமானால் எந்த நகை வருகிறது என்று பார்க்கலாம். முதலில் வருவது பெட்டிக்குள் கிடக்கும் அட்டியல், பதக்கம். அடுத்தது காப்பு. பிறகு தினமும் போடுகிற சங்கிலி. பிள்ளையின் கழுத்துப் பஞ்சாயுதப் பதக்கம் வந்தால் வீட்டில் மிச்சம் அதிகம் இல்லை. தாலிக்கொடி கடைசி. எங்கள் பக்கத்துக் கொடி 7, 9, 11 பவுண் என்று பாரமானது. ஒரு பவுண் 8 கிராம். பல வீடுகளில் சேமிப்பு என்று இருப்பதே அதுதான். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டு கொடியைத் தருவார்கள். சீலைத் தலைப்பால் கழுத்தை மூடியபடி வந்து நிற்பவரிடம் நான் அடையாள அட்டையை மட்டும்தான் கேட்பேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மனைவியின் காப்போடு வரும் ஆண்களின் விரலில் அவர்களுடைய மோதிரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. அதையும் அடைவு வைக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லைப் போலும்.

2022 இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 ஐத் தாண்டியது. தங்க விலையும் கூடவே ஏறியது. ஏற்கெனவே அடைவில் கிடந்த சங்கிலிக்கு மேலதிகக் காசு எடுக்க வரிசை வாசல்வரை நின்றது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. செம்பாட்டு மண்ணில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் தோட்டம். மிசினுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் பயிர் இல்லை. புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஐயா ஒருவர் காசை எண்ணி முடித்துவிட்டு, “பவுண் ஏறினது நல்லதோ கெட்டதோ, பிள்ளை?” என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. நான் கூட்டிக் கொடுத்த காசு அப்படியே எண்ணெய்க்குப் போகப் போகிறது. எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வருடம்தான் நான் அந்தப் பிழையை விட்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அதே கொடி, மூன்றாவது தடவை. சனம் நிறைந்த நேரம். “திரும்பவுமோ அம்மா? போன மாசம்தானே மீட்டனீங்கள்?” என்று கேட்டுவிட்டேன். குரலைக் குறைக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கொடியை எடுத்து, வாயில் நூல் இறுக்கிய சின்னத் துணிப்பைக்குள் திருப்பி வைத்தார். “95 இடப்பெயர்வில இதை இடுப்பில கட்டிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் தாண்டினனான், பிள்ளை” என்று மட்டும் சொன்னார். கோபம் இல்லை. போய்விட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வீட்டை விட்டு நடந்த அந்தப் பாதையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் சட்டைக்குள் எங்கள் வீட்டு நகையும் இருந்தது. இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவர் பிறகு எங்கள் கிளைக்கு வரவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். இலக்கத்தை மட்டும் சொல்வேன். தொகையைத் தாளில் எழுதிக் காட்டுவேன். வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உரைகல்லில் கோடு கீறவும், அமிலத் துளிக்கு 22 கரட் நிற்கும், பித்தளை பச்சையாய் நுரைக்கும் என்று பார்க்கவும் பழக்க முதலே இதைப் பழக்கினேன்.

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் திருவிழாக் கொடியேறும். அதற்கு முதல் வாரம் எங்களிடம் வைக்க வருகிறவர்களைவிட மீட்க வருகிறவர்கள் அதிகம். 25 நாள் திருவிழாவுக்கு வெறும் கழுத்தோடு போக மனம் வராது. கைமாற்று வாங்கி மீட்டு, தேரும் தீர்த்தமும் முடியத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். கணக்குப் பார்த்தால் கட்டாத வேலை. நான் ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை. உறையைப் பிரித்து, நிறையை அவர்கள் கண் முன்னே ஒருமுறை காட்டி, நகையைக் கொடுப்பேன். சிலர் அங்கேயே, கவுண்டர்க் கண்ணாடியில் தங்களைப் பார்த்தபடி போட்டுக்கொள்வார்கள்.

வேலையை விடும்வரை, அந்த வாரம் வந்தால், வரிசையில் நூல் இறுக்கிய துணிப்பை ஒன்று தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.