சிகரெட்டை விட்டதை டாக்டரிடம் சொல்லவில்லை

என் தம்பிக்கு முதலில் சைக்கோசிஸ் வந்தது காலேஜ் மூன்றாம் வருடத்தில். இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதியை நிஜமென்று நம்புவது, அந்த மாதிரி மனநோய். ஹாஸ்டலில் தினமும் கஞ்சா இழுத்திருக்கிறான், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான், சுவிட்ச் போர்டு அத்தனையும் கழற்றிக் கிடக்கிறது, உள்ளே மைக் வைத்திருக்கிறார்களாம். மாத்திரையில் தெளிவான், பழைய கூட்டத்தோடு சேருவான், மறுபடி சுவிட்ச் போர்டு. இப்படி மூன்று தடவை.

"இனிமே விட்டு என்ன ஆகப்போகுது, மூளை போனது போனதுதான்" என்று அப்பா உடைந்துபோய்ச் சொன்னார். அது உண்மையில்லை. 24 ஆய்வுகளில் இருந்த 16,565 பேரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. சைக்கோசிஸ் வந்த பிறகும் கஞ்சாவை விடாதவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்புகிறது. விட்டுவிட்டவர்களுக்கு, அதைத் தொடாதவர்களைவிட அதிகமில்லை. அதாவது நோய் வந்த பிறகு விட்டாலும் பலன் உண்டு. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லவேண்டும்.

கஞ்சாவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், சிகரெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாங்கள் மாட்டிக்கொண்டது அதில்தான்.

இரண்டு மருந்து கேட்காமல் குளோசபின் என்ற மாத்திரைக்கு மாற்றி, அவன் நன்றாக இருந்த சமயம். கார்த்திகையில் மாலை போட்டான். அன்றோடு கஞ்சா, சிகரெட் எல்லாம் நின்றது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், வாய் நிறைய "சாமி, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் சாமி பூஜை நேரத்திலேயே உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தான். தலையணை உறை காலையில் பிழிகிற மாதிரி எச்சிலில் நனைந்திருக்கும். எழுந்தால் தள்ளாடுகிறான். மறைவாகக் குடிக்கிறானோ என்று நான் சந்தேகப்பட்டேன், கேட்டும்விட்டேன். "இல்லக்கா, சத்தியமா" என்று அழுதான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சிகரெட்டை எப்போ விட்டீங்க?"

விஷயம் இதுதான். சிகரெட், பீடிப் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகப்படுத்தும். குளோசபினையும், இதே நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபின் என்ற மருந்தையும் முக்கியமாகச் சிதைப்பது அந்த நொதிதான். அதனால் புகைப்பவருக்கு அதிக டோஸ் தேவைப்படும். திடீரென்று புகை நின்றால் நொதி தணியும், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், குளோசபினில் அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். மறுபடி பிடித்தால் மருந்து குறைந்து குரல்கள் திரும்பக்கூடும். இதற்குக் காரணம் புகைதான், நிக்கோட்டின் இல்லை, அதனால் நிக்கோட்டின் சூயிங்கம்மால் இப்படி ஆகாது. ரத்தப் பரிசோதனை செய்து டோஸைக் குறைத்தார்கள், பத்து நாளில் ஆள் பழையபடி நடமாடினான். தயவுசெய்து சிகரெட்டை விடாதே என்று இதைப் படிக்காதீர்கள். விடட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

அவனைச் சந்தேகப்பட்டுக் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது. அதற்கப்புறம் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவன் எதைத் தொட்டாலும் சொல்லலாம், யாரும் கத்தமாட்டோம். அப்பாவுக்கு அது சுலபமாக இல்லை. போன வருடம் ஒரு நண்பனின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, காலையில் காபி டம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, நேத்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன். டாக்டர்கிட்ட நீயும் வர்றியா?" சரி, வா என்று உடனே கிளம்பினோம்.